ஹாஃப் டோம் ஒரு நாள் மலைநடை: புறப்படும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஹாஃப் டோம் என்ற பாறைமலையின் உச்சிக்கு ஒரே நாளில் ஏறி இறங்க விரும்பும் நண்பர்களும் அலுவலகத் தோழர்களும், ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் பிறந்ததும் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். மூன்று முறை முயன்று இரண்டு முறை உச்சியை அடைந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் கடைசி 400 அடியில் கையால் பிடித்து ஏறுவதற்காக உள்ள கம்பிவடத்தைப் பற்றியே கேட்கிறார்கள். அந்த நாள் நல்லபடியாக முடிவதும் முடியாததும் பெரும்பாலும் கைக்கடிகாரத்தைப் பொறுத்தது என்பது என் அனுபவம். ஆகவே பதில்களில் நேரக்கணக்கு அடிக்கடி தலைகாட்டும்.

இந்த நடை உண்மையிலேயே அவ்வளவு கடினமானதா?

ஆம். மிஸ்ட் டிரெயில் என்ற பாதை வழியாகப் போய்த் திரும்பினால் 14.2 மைல், அதாவது ஏறத்தாழ 23 கிலோமீட்டர். ஜான் மியூர் டிரெயில் வழியாகப் போய்த் திரும்பினால் 16.5 மைல். நடை தொடங்கும் ஹேப்பி ஐல்ஸ் சுமார் 4,000 அடி உயரத்திலும், உச்சி 8,800 அடிக்குச் சற்று மேலேயும் இருக்கின்றன. ஆக, சுமார் 4,800 அடி ஏற வேண்டியிருக்கும். பெரும்பாலோருக்கு இதற்கு 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கிறது. தட்டையான பாதையில் 14 மைல் நடந்து பழகியவர்கள் அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஏமாறுகிறார்கள், ஏனெனில் ஏற்றத்தில் பெரும்பகுதி முழங்கால் உயரப் படிகளாகவே வருகிறது.

உச்சியின் உயரம் மீட்டரில் 2,694. கேரளத்தில் உள்ள ஆனைமுடி 2,695 மீட்டர் என்பதால் நம்மூர்க்காரர்களுக்கு இந்த உயரத்தை மனத்தில் நிறுத்துவது எளிது. கடல்மட்டத்தில் வாழும் நமக்கு இந்த உயரத்தில் லேசான தலைவலியும் மூச்சு வாங்குதலும் வரக்கூடும். முந்தைய இரவை யோசெமிட்டி பள்ளத்தாக்கிலேயே கழித்தால் உடல் ஓரளவு பழகிக்கொள்ளும்.

அனுமதிச்சீட்டு எப்படிப் பெறுவது?

கம்பிவடத்துக்கு முன்னால் வரும் சப்டோம் என்ற பாறைக் குன்றின் அடிவாரத்திலிருந்து மேலே போக அனுமதிச்சீட்டு கட்டாயம். நெரிசல் மிக்க நாட்களில் 1,200 பேர் வரை ஏறிய காலம் ஒன்று இருந்தது. கம்பிவடத்தின் நடுவில் மணிக்கணக்கில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் மக்கள் நின்றதனால், 2010-இல் வார இறுதிகளுக்கும் விடுமுறை நாட்களுக்கும், அடுத்த ஆண்டு முதல் எல்லா நாட்களுக்கும் அனுமதிமுறை வந்தது. இப்போது நாளொன்றுக்கு 300 பேர். அவர்களில் ஒரே நாளில் போய் வருபவர்களுக்கான இடங்கள் சுமார் 225.

முதன்மைக் குலுக்கலுக்கு மார்ச் 1 முதல் 31 வரை ரெக்ரியேஷன்.கவ் (Recreation.gov) தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு ஏப்ரல் நடுவில் வரும். ஒரு விண்ணப்பத்தில் 6 பேர் வரை சேரலாம். விருப்பமான தேதிகளை வரிசைப்படுத்தித் தரலாம். ஒருவர் குழுத்தலைவராக ஒரு முறைதான் விண்ணப்பிக்கலாம். ஆர்வ மிகுதியில் ஒரே பெயரில் இரண்டு மூன்று விண்ணப்பங்கள் போட்டால் எல்லாமே ரத்தாகிவிடும். சீட்டை இன்னொருவருக்குக் கைமாற்றவும் முடியாது. குழுத்தலைவரோ, விண்ணப்பத்திலேயே குறிப்பிட்ட மாற்றுத் தலைவரோ அடையாள அட்டையுடன் நேரில் இருந்தாக வேண்டும். எங்கள் குழு ஒன்றில் தலைவருக்கு முந்தைய இரவு காய்ச்சல் வந்துவிட, மாற்றுத் தலைவரின் பெயர் இருந்ததால்தான் மற்ற ஐவரும் ஏற முடிந்தது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

மார்ச்சைத் தவறவிட்டவர்களுக்கும், குலுக்கலில் பெயர் வராதவர்களுக்கும் தினசரிக் குலுக்கல் உண்டு. நடைக்கு இரண்டு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்: சனிக்கிழமை ஏற வேண்டுமானால் வியாழக்கிழமை நள்ளிரவிலிருந்து மாலை 4 மணிக்குள் மனுப் போட வேண்டும், அன்றிரவே பதில் வரும். வார நாளும் சிறிய குழுவும் வாய்ப்பைக் கூட்டும். விண்ணப்பத்துக்கு 10 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 10 டாலர் என்பது இதுவரை இருந்துவரும் கட்டணம். பூங்காவின் நுழைவுக் கட்டணம் தனி.

சீட்டு இல்லாமல் அதிகாலையிலேயே ஏறிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்கள் சப்டோம் அடியில் நின்று சோதிக்கிறார்கள். பிடிபட்டால் 5,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. விசாவில் இருப்பவர்கள் இப்படி ஒரு வழக்கைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். சீட்டு கிடைக்காதவர்கள் அதே பூங்காவில் உள்ள கிளவுட்ஸ் ரெஸ்ட் சிகரத்துக்குப் போகலாம். அது 9,926 அடி, ஹாஃப் டோமைவிட ஆயிரம் அடிக்கும் மேல் உயரமானது. ஒரு நாள் நடைக்கு இத்தகைய குலுக்கல் அங்கே இல்லை. ஹாஃப் டோமையே மேலிருந்து கீழாகப் பார்க்கும் காட்சி அங்கேதான் கிடைக்கும். சொல்லப்போனால் எனக்கு அதுவே கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

கம்பிவடத்தை வழக்கமாக மே மாத இறுதி வாரத்தில் கம்பங்களில் தூக்கி நிறுத்தி, அக்டோபர் நடுவில் இறக்கிவிடுகிறார்கள். பனி அதிகமான ஆண்டுகளில் தொடக்கம் தள்ளிப்போகும். ஜூனில் அருவிகள் முழு வெள்ளத்துடன் இருக்கும், பகலும் நீளம். ஆனால் வழியில் வரும் லிட்டில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கொசு பிய்த்தெடுக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். செப்டம்பரில் அருவி மெலிந்திருந்தாலும் நடப்பதற்கு இதமாக இருக்கும் என்பதால் என் தெரிவு அதுதான். காட்டுத்தீயின் புகை சூழாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. ஜூன் இறுதியில் இரவு 8 மணி தாண்டியும் வெளிச்சம் உண்டு. அக்டோபர் தொடக்கத்தில் மாலை 6:30-ஐ ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். தேதி கேட்கும்போதே இந்த ஒன்றரை மணி நேர வேறுபாட்டையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

எத்தனை நாள் பயிற்சி வேண்டும்? மிஷன் பீக் ஏறினால் போதுமா?

எட்டு வாரம் இருந்தால் நல்லது. ஃப்ரீமாண்ட் மிஷன் பீக், ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கமாக ஏறினால் போக வர சுமார் 6 மைல். ஏற்றம் 2,000 அடிக்குச் சற்றுக் கூடுதல். அதை ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்கினாலும் ஹாஃப் டோம் ஏற்றத்துக்கு ஒரு மாற்றுக் குறைவுதான். இருந்தாலும் அந்த இரட்டை ஏற்றத்தை முதுகில் 4 லிட்டர் தண்ணீருடன் ஒரு முறை செய்து பாருங்கள். இரண்டாவது முறை இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது, புதுக் காலணி எந்த இடத்தில் கடிக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உங்களுக்கு எவ்வளவு பசிக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கூடவே வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். மின்தூக்கியில் இறங்கிவிட்டால் அது பாதிப் பயிற்சிதான், ஏனென்றால் மறுநாள் தொடையைக் கட்டிப்போடுவது இறக்கம்தான். கை வலுவும் வேண்டும்: கம்பியைப் பற்றி உடலை இழுக்க முன்கையும் தோளும் வேலை செய்யும். ஜிம்முக்குப் போகாதவர்கள் பூங்காக் கம்பியில் அரை நிமிடம் தொங்கிப் பழகினாலே வேறுபாடு தெரியும்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன். இது அதைவிடக் கடினமா?

ஒப்பிட்டுச் சொல்வதானால், வெள்ளியங்கிரி ஏறியவருக்குப் படியும் மூச்சும் புதிதல்ல. அந்த மனத்திடம் இங்கே கண்டிப்பாக உதவும். ஆனால் அங்கே வழியெங்கும் கூட்டம் இருக்கும், மூங்கில் தடி கையில் இருக்கும், இரவோடு இரவாக ஏறுவதே வழக்கமாக இருக்கும். இங்கே தொலைவு வெகுவாகக் கூடுதல், பிற்பகல் இடிமின்னல் என்ற கெடு தலைக்கு மேல் தொங்குகிறது, கடைசியில் வருவதோ வழவழப்பான பாறைச் சரிவு. தடி அந்தச் சரிவில் உதவாது. அதைப் பையில் கட்டிக்கொண்டு இரு கைகளையும் விடுவித்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

கோடையில் காலை 5 மணிக்கு ஹேப்பி ஐல்ஸ் பாலத்தில் கால் வைப்பது என் பழக்கம். பள்ளத்தாக்கின் இலவசப் பேருந்து காலை 7 மணிக்குத்தான் ஓடத் தொடங்குகிறது. அதை நம்பியிருந்தால் நாளின் மிகக் குளிர்ந்த இரண்டு மணி நேரம் கைவிட்டுப் போகும். கறி வில்லேஜுக்கும் ஹேப்பி ஐல்ஸுக்கும் நடுவில் உள்ள வாகன நிறுத்தத்தில் காரை விட்டால் அரை மைல் நடக்க வேண்டும். அந்த அரை மைலையும், மாலையில் அதே அரை மைலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5 மணிக்குப் புறப்பட்டால் வெர்னல் அருவியின் தலைப்பகுதியை 6:30-க்குள்ளும், நெவாடா அருவியின் தலைப்பகுதியை 8 மணியளவிலும் அடையலாம். அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, லிட்டில் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் மணற்பாங்கான சமதரையைக் கடந்து, மரநிழலில் நீளும் ஏற்றத்தைப் பிடித்தால் 11 மணிக்குள் சப்டோம் அடியில் நிற்கலாம். அதன்படி உச்சியில் நண்பகல், ஹேப்பி ஐல்ஸில் மாலை 5 அல்லது 6 மணி. இதில் எங்காவது ஒரு மணி நேரம் பிந்தினாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். 8 மணிக்குப் புறப்படும் குழுவுக்கோ இந்த மிச்சம் இல்லை: அருவிப் படிகளில் நெரிசல், காட்டு ஏற்றத்தில் உச்சி வெயில், கம்பிவடத்தில் வரிசை, உச்சியை நெருங்கும்போது மேகம் என்று ஒவ்வொன்றும் அவர்களுக்காகவே காத்திருக்கும்.

திரும்பும் நேரத்தையும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவுசெய்துவிட வேண்டும். பிற்பகல் 3:30-க்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதைப் பூங்கா நிர்வாகமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. எங்கள் குழுவில் நாங்கள் வைத்துக்கொள்வது 1 மணி.

ஏறுவதற்கு மிஸ்ட் டிரெயிலா, ஜான் மியூர் டிரெயிலா?

ஏறும்போது மிஸ்ட் டிரெயில், இறங்கும்போது நெவாடா அருவியிலிருந்து ஜான் மியூர் டிரெயில் என்பது பலரும் கைக்கொள்ளும் முறை. நானும் அதையே சொல்வேன். மிஸ்ட் டிரெயிலில் 317 அடி உயர வெர்னல் அருவியை ஒட்டி 600-க்கும் மேற்பட்ட கல்படிகள் ஏறுகின்றன. ஜூனில் அருவியின் சாரல் மழைபோல அடித்து ஆளை நனைத்துவிடும். படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும். காலைக் குளிரில் நனைந்த சட்டையோடு மூன்று மணி நேரம் நடப்பது இன்பமல்ல என்பதால் ஒரு மழைச்சட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது தாங்கிக்கொள்ளும் அதே ஈரப்படிகள், மாலையில் தொடை நடுங்க இறங்கும்போது வழுக்கும் இடங்களாகிவிடுகின்றன. ஜான் மியூர் டிரெயில் ஒரு மைலுக்கு மேல் சுற்று. ஆனால் அது வளைந்து வளைந்து சாய்வாக இறங்குவதால் முழங்கால் நன்றி சொல்லும்.

இரண்டு அருவிகளின் தலைப்பகுதியிலும் ஆறு அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பிக் காலை நனைக்கவோ முகம் கழுவவோ வேலிக்கு அப்பால் இறங்காதீர்கள். 2011 ஜூலையில் வெர்னல் அருவியின் மேலே வேலியைத் தாண்டிய மூவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். ஆற்றங்கரையில் வளர்ந்த நமக்குத் தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடத் தோன்றும். பனி உருகி வரும் மெர்செட் ஆற்றின் குளிரும் இழுப்பும் அந்தப் பழக்கத்துக்கு அடங்குபவை அல்ல.

எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்?

ஆளுக்கு 4 லிட்டர். குடிநீர்க் குழாய் வழியில் ஒரே இடத்தில், வெர்னல் அருவிப் பாலத்தருகே, தொடக்கத்திலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கிறது. அதன் பிறகு மெர்செட் ஆற்று நீரை வடிகட்டியோ மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும், ஏனெனில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றைப் பல நாள் பாடாய்ப்படுத்திவிடும். வடிகட்டி வைத்திருப்பவர்கள் 2 லிட்டருடன் புறப்பட்டு, லிட்டில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஆற்றை விட்டு விலகும் முன் எல்லாப் புட்டிகளையும் நிரப்பிக்கொள்ளலாம். மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நம்ப இடமில்லை.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. வியர்வையில் போகும் உப்பை ஈடுசெய்யாவிட்டால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் தண்ணீர் குடித்தால் நிலைமை மோசமாகும். இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பையில் இடத்தையும் அடைக்காது, எடையும் இல்லை.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப்போவது?

எனர்ஜி பார் மட்டும் தின்று பன்னிரண்டு மணி நேரம் நடக்க நம் நாக்கு ஒத்துக்கொள்வதில்லை; நான்காவது பாரைப் பார்த்ததும் பசி போய்விடுகிறது, பசி போனவர் சாப்பிடாமல் நடந்து சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். புளிசாதம் கெடாது, உப்பும் உறைப்பும் இருக்கிறது, ஆறினாலும் சாப்பிடலாம். என் கணக்கில் இந்த மலைக்கு அதற்கு நிகர் வேறில்லை. தயிர்சாதம் வெயிலில் புளித்துப்போகும் என்பதால் நெவாடா அருவிக்கு மேலே அது வேண்டாம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: சப்டோம் அடியில் உட்கார்ந்து நல்லெண்ணெய் வழிய வழியச் சாப்பிட்ட நண்பர் ஒருவர், கையைப் புல்லில் துடைத்துவிட்டுக் கையுறையை மாட்டினார். கம்பிவடத்தில் பத்துப் பலகை ஏறியதும் உள்ளங்கை கையுறைக்குள்ளேயே வழுக்கத் தொடங்கியது. இறங்கிவந்து மண்ணால் தேய்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறினார். எண்ணெய்ப் பலகாரத்தை நெவாடா அருவியோடு முடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஈரத்துணித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே கொறிக்கக் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், உப்புக் கடலை போதும்.

ஆரஞ்சுத் தோல் உள்பட எல்லாக் குப்பையும் உங்களோடு இறங்கி வர வேண்டும். உணவுப் பையைக் கீழே வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனால் அணில்கள் பையையே கடித்துத் திறந்துவிடும். கரடி நடமாட்டம் உள்ள இடமாதலால் இருட்டிய பிறகு காருக்குள் உணவுப்பொருள் எதையும் விடக்கூடாது; நிறுத்துமிடத்தில் உள்ள இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். நீங்கள் புறப்படும் 5 மணியும் இருட்டுதான் என்பதையும், வாசனையுள்ள சோப்பும் பற்பசையும்கூட அந்தப் பெட்டிக்குத்தான் போக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

காலணி, கையுறை, விளக்கு ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

அடிப்பாகம் தேயாத, ஏற்கெனவே 30, 40 மைல் நடந்து பழகிய காலணி வேண்டும். நூற்றாண்டு காலமாகக் கால்கள் பட்டுப் பட்டு மெருகேறிய கிரானைட் பாறையில் தேய்ந்த காலணி நிற்காது. முந்தைய நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையேல் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் முன்னால் இடித்துக் கறுத்துவிடும். கையுறைக்குப் பெரிய செலவு வேண்டாம்: உள்ளங்கையில் ரப்பர் பூச்சு உள்ள தோட்டவேலைக் கையுறை போதுமானது. வடத்தின் அடியில் பிறர் விட்டுச்சென்ற கையுறைகள் கிடக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். அவற்றை ரேஞ்சர்கள் அகற்றிவிடுகிறார்கள், உங்களுடையதையும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும். செல்பேசி விளக்கு விளக்காகாது, ஏனெனில் சிக்னலைத் தேடித் தேடியே அதன் மின்கலம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

கம்பிவடம் உண்மையில் எப்படி இருக்கும்?

ஒத்தையடிப் பாதை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இரண்டு எஃகுவடங்கள், தேர்வடம் போல, பாறைச் சரிவில் மேல்நோக்கிப் போகின்றன. பாறையில் துளையிட்டுச் செருகிய இரும்புக் கம்பங்கள் அவற்றை இடுப்புக்கு மேல் தூக்கிப் பிடிக்கின்றன. ஒவ்வொரு சோடிக் கம்பத்தின் அடியிலும் குறுக்காக ஒரு மரப்பலகை கிடக்கும். பலகைக்குப் பலகை சுமார் பத்தடி. நிற்பதற்கு இடம் அந்தப் பலகைதான். நடுவில் உள்ள பத்தடியும் கையால் இழுத்து, காலணியின் அடிப்பாகம் முழுவதும் பாறையில் படியும்படி வைத்துக் கடக்க வேண்டியது. கம்பங்கள் துளையில் செருகப்பட்டவையே தவிர இறுக்கப்பட்டவை அல்ல. மேல்நோக்கி இழுத்தால் சில ஆடும், கழன்றும் வரும். ஆகவே பிடிமானம் வடத்தில் இருக்கட்டும். ஏறுபவர்களுக்கும் இறங்குபவர்களுக்கும் பாதை ஒன்றே என்பதால், பலகையில் ஒதுங்கி நின்று வழிவிட்டுப் பேசிக்கொண்டே போக வேண்டும். வடங்களுக்கு வெளியே போய் முந்துபவர்களைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள். புட்டி, தொப்பி, செல்பேசி எல்லாம் பைக்குள் இருக்க வேண்டும். நழுவிய புட்டி கீழே நிற்பவரின் தலையை நோக்கித்தான் உருளும்.

இந்தப் பாறையில் மனிதக் கால் படவே போவதில்லை என்று 1860-களில் நிலவியல் ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். 1875-இல் ஜார்ஜ் ஆண்டர்சன் என்பவர் பாறையில் துளையிட்டு இரும்பு ஆணிகளை அறைந்து அறைந்து உச்சியை அடைந்தார். இன்றைய வடத்தின் முன்னோடியை 1919-இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நிறுவியது. ஆண்டர்சன் துளையிட்ட இடத்தில் நாம் கையுறையுடன் நின்று, அடுத்த பலகை ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முணுமுணுக்கிறோம்.

உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் வடத்தைவிடச் சப்டோமுக்கே கூடுதலாக அஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே படிகள் உண்டு, பிடித்துக்கொள்ளத்தான் எதுவும் இல்லை. கடைசியில் அந்தப் படிகளும் மறைந்து, வெறும் பாறையில் ஏற வேண்டும். அங்கேயே கால் நடுங்கினால் வடத்தில் நடுக்கம் குறையாது. குழுவில் ஒருவர் அவரோடு நிழலில் தங்கிவிட, மற்றவர்கள் போய்வருவதில் யாருக்கும் மதிப்புக் குறைவு இல்லை.

இடுப்புவார் கட்டிக்கொண்டு வடத்தில் கொக்கி மாட்டிக்கொள்ளலாமா?

கட்டாயமில்லை, விரும்புகிறவர்கள் செய்கிறார்கள். கம்பம் வரும்தோறும் கொக்கியைக் கழற்றி மறுபுறம் மாட்ட வேண்டும் என்பதால், எப்போதும் ஒன்றாவது மாட்டியிருக்கும்படி இரண்டு கொக்கிகள் தேவை. வழுக்கினால் அடுத்த கம்பம் வரை சறுக்கி ஒரு வெடுக்கென்ற இழுப்போடுதான் நிற்க நேரும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வகையில் செய்யப்பட்ட வாரைத்தான் வாங்க வேண்டும், கடையில் கிடைத்த கயிற்றை அல்ல. பழக்கமில்லாத கைகள் கொக்கியோடு போராடினால் வரிசையும் நின்றுவிடும். ஆகவே வீட்டுக் கைப்பிடிச் சுவரிலாவது மாட்டிக் கழற்றிப் பழகிவிட்டு வாருங்கள்.

மேகம் கூடினால் என்ன செய்வது? இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே?

வானத்தில் எந்தப் பக்கம் இடிமேகம் தெரிந்தாலும் சப்டோம் அடிவாரத்தைத் தாண்டக் கூடாது. அந்த மொட்டைப் பாறைதான் சுற்றுவட்டாரத்தில் மின்னலுக்குக் கிடைக்கும் உயரமான இலக்கு. அதில் ஏற நம் கையில் இருப்பதோ 400 அடி நீள இரும்பு. 1985 ஜூலையில் உச்சியில் மின்னல் தாக்கி இருவர் இறந்தார்கள். மின்னல் இல்லாமல் தூறல் மட்டும் விழுந்தாலும் பாறை வழுக்குமரம் ஆகிவிடும். கம்பிவட விபத்துகளில் பெரும்பாலானவை பாறை நனைந்திருந்தபோது நேர்ந்தவை. ஏறும்போது காய்ந்திருந்த பாறை இறங்கும்போதும் காய்ந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2024 ஜூலையில் உயிரிழந்த இளம்பெண் வழுக்கியது மழை பிடித்துக்கொண்ட பிறகு இறங்கும்போதுதான்.

என் முதல் முயற்சியில் நாங்கள் 12:40-க்குச் சப்டோம் அடியை அடைந்தோம். கிழக்கே உயர்மலைகளுக்கு மேல் பூக்கோசு போன்ற வெண்மேகம் எழுந்து, அதன் அடிப்பாகம் ஈயநிறமாக மாறிக்கொண்டிருந்தது. உச்சி கண்ணுக்கு நேரே தெரிந்தது. வடத்தில் ஆட்கள் எறும்புச் சாரைபோல ஊர்ந்துகொண்டிருந்தார்கள். 'இன்னும் ஒரு மணி நேரம்தானே' என்று ஒருவர் சொல்ல, காலையில் 1 மணிக் கெடுவை எழுதிக் கையெழுத்து வாங்கிய பொறுப்பாளர் காகிதத்தை எடுத்து நீட்டினார். சிரித்துக்கொண்டே திரும்பினோம். அன்று மழை பெய்யவே இல்லை. லிட்டில் யோசெமிட்டியில் எங்களைத் தாண்டிச் சென்றவர்கள் உச்சியில் எடுத்த படங்களைக் காட்டினார்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் வீடு வரும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த முறையும் அதே காகிதத்தை எழுதிக்கொண்டுதான் போனோம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா?

உச்சிக்கு வேண்டாம். வெர்னல் அருவிப் பாலம் வரை, போக வர ஒன்றரை மைலுக்குச் சற்றுக் கூடுதலான நடை. ஏற்றம் இருந்தாலும் தினமும் காலை நடை போகும் பெற்றோர் நின்று நின்று போய்விடுவார்கள், அருவியும் தெரியும். பதின்பருவப் பிள்ளைகள் மிஷன் பீக்கை முனகாமல் ஏறி இறங்கினால் யோசிக்கலாம். சர்க்கரை நோயோ இதய நோயோ இருப்பவர்கள் மருத்துவரிடம் 'நடைப்பயிற்சி போகிறேன்' என்று பொதுவாகக் கேட்காமல், 12 மணி நேரம், 4,800 அடி ஏற்றம் என்று எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இறங்கியதும் அன்றிரவே காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடலாமா?

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவுக்கு நான்கு மணி நேர ஓட்டம். அதிகாலை 3 மணிக்கு எழுந்து 14 மைல் நடந்தவர் ஓட்டக் கூடாத ஓட்டம். 120-ஆம் எண் சாலையில் குரோவ்லேண்டைத் தாண்டியதும் பிரீஸ்ட் கிரேடு என்ற மலை இறக்கம் வளைந்து வளைந்து வரும். பிரேக்கை மிதிக்கும் வலது கெண்டைக்கால் அங்கே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு முறை வண்டிக்குள் இருந்தே பார்த்துவிட்டேன். ஓரத்தில் நிறுத்தி, இருவர் இறங்கி ஓட்டுநரின் காலை நீவிவிட்டோம். இரவு தங்க முகாமோ அறையோ கிடைக்காவிட்டால், மலை ஏறாத ஒருவரை அருவிப் பாலம் வரை மட்டும் வரச் சொல்லி, பகலெல்லாம் ஆற்றங்கரை மர நிழலில் ஓய்வெடுக்க வைத்து, சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு மைத்துனருடையது. புளிசாதத்தில் பெரும்பங்கும் அவருக்கே போய்விடுகிறது.